ஓவர்புக் ஆன நாளில் ஃப்ரன்ட் ஆபீஸ்: அறைக்கணக்கு, மெம்பர் அப்கிரேடு, வேறு ஹோட்டலுக்கு அனுப்புவது (வாக்)

இருக்கிற அறையைவிட அதிகமாக புக்கிங் ஏறிவிட்ட நாளில், ரிசப்ஷனில் நிற்பவர் எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் கெஸ்ட்டிடம் பேசும்போதுதான் தடுமாறுகிறார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை சறுக்கல் அதற்குப் பல மணி நேரம் முன்பே நடந்திருக்கும். காலை 11 மணிக்குச் சிரித்த முகத்தோடு கொடுத்த ஒரு அப்கிரேடு, அடிக்கடி தங்கி பிளாட்டினம் நிலை பெற்று, இரவு 10 மணிக்கு வரும் மெம்பரை லாபியில் நிற்க வைத்துவிடும்.

கணக்குக்காகச் சென்னையில் 140 அறை உள்ள ஒரு ஹோட்டலை வைத்துக்கொள்வோம்: கீழ்வகையிலிருந்து மேலாக டீலக்ஸ் 90, கிளப் 36, சூட் 14. பெரிய முகூர்த்தமும் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஒரு கண்காட்சியும் ஒன்றாக விழுந்த நாள். எண்கள் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் ஹோட்டல் எண்களைப் போட்டாலும் வரிசை மாறாது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இன்றைய அரைவல் லிஸ்ட் (வருவோர்), டியூ-அவுட் லிஸ்ட் (இன்று காலி செய்வோர்), ஹவுஸ்கீப்பிங் கொடுத்த காலை அறிக்கை, குரூப் ரூமிங் லிஸ்ட் (குழுவில் யாருக்கு எந்த அறை). இவற்றோடு அடுத்த மூன்று நாளுக்கான அறைவகை வாரியான இருப்பு. கடைசியில் சொன்னதைத்தான் புதியவர்கள் எடுக்க மறப்பார்கள். இன்றைக்கு ஒருவருக்கு சூட் கொடுப்பதா வேண்டாமா என்பதை நாளைய கணக்குதான் சொல்லும்.

அரைவல் லிஸ்டை பிரிண்ட் எடுங்கள். திரையில் பார்த்தால் பத்தாவது பெயரிலேயே கண் வழுக்கிவிடும். பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனால்தான் ஒரே ஆளின் பெயர் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு முறை ஏறியிருப்பது கண்ணில் படும்.

2. முதலில் எண்ணிக்கையைச் சுத்தம் செய்யுங்கள்

சிஸ்டம் காட்டும் ஓவர்புக்கிங்கை அப்படியே நம்பிப் பதறக் கூடாது. நம் உதாரணத்தில் காலை 9 மணிக்குத் திரை சொல்வது இது: இரண்டு டீலக்ஸ் அவுட் ஆஃப் ஆர்டரில், அதாவது பழுது என்று ஒதுக்கப்பட்டு, இருப்பதால் விற்கக்கூடியது 138. தங்குவோர் 81, வருவோர் 63, ஆக 144. ஆறு அறை தட்டுப்பாடு.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒருவருக்கு அவருடைய கம்பெனி டிராவல் டெஸ்க் ஒரு புக்கிங் போட்டிருக்கும். அவரே மேக்மைட்ரிப்பில் இன்னொன்று போட்டிருப்பார். போன் செய்து உறுதிப்படுத்தி ஒன்றைக் கழியுங்கள். கல்யாண குரூப்பில் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தனித்தனி ரிசர்வேஷன் ஏறியிருக்கும். ஷேர் போட்டு ஒரே அறையாக்குங்கள். வருவோர் 61 ஆகிவிட்டது.

அடுத்து, அவுட் ஆஃப் ஆர்டர் அறைகள். ஆப்பரா என்ற ஹோட்டல் சாஃப்ட்வேரில் அவுட் ஆஃப் ஆர்டர் போட்டால் அறை விற்பனைக் கணக்கிலிருந்தே போய்விடும். சின்ன வேலைக்கான அவுட் ஆஃப் சர்வீஸ் போட்டால் போகாது. பல்பு மாற்ற வேண்டிய அறைக்கெல்லாம் முதலாவதைப் போட்டு வைத்திருப்பார்கள். இன்ஜினியரிங்குக்கு போன் போட்டுக் கேட்டால் ஒன்று மதியத்துக்குள் தயாராகிவிடும் என்பார்கள். விற்கக்கூடியது 139, தேவை 142. தட்டுப்பாடு ஆறிலிருந்து மூன்றாக இறங்கிவிட்டது. ஒரு கெஸ்ட்டையும் தொடாமல் பாதிப் பாரம் இறங்கியாயிற்று.

ஹவுஸ்கீப்பிங் அறிக்கையையும் சிஸ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். சிஸ்டத்தில் ஆள் இருப்பதாகக் காட்டும் அறையில் பெட்டியும் இருக்காது, படுக்கையும் கலைந்திருக்காது. பில்லை கம்பெனி கட்டிவிடும் என்று நினைத்து விடியற்காலையிலேயே கிளம்பிப் போயிருப்பார். அப்படி ஒரு அறை கிடைத்தால் அன்றைக்கு அது புதையல்.

3. லேட் செக்-அவுட்டை இப்போதே எண்ணுங்கள்

இரவுக் கணக்கில் அறை இருந்தும் மதியம் 2 மணிக்குக் கொடுக்க அறை இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான். மேரியட் குழுமத்தின் மெம்பர் திட்டமான பான்வாயில் பிளாட்டினத்துக்கும் அதற்கு மேற்பட்ட நிலைகளுக்கும், ஹயாட்டில் குளோபலிஸ்ட் என்ற உயர்நிலை மெம்பருக்கும் மாலை 4 மணி வரை செக்-அவுட் சலுகை உண்டு. ரிசார்ட் மாதிரியான இடங்களில்தான் ‘இருந்தால் தருவோம்’ என்ற நிபந்தனை. அந்த அறைகள் 5 மணிக்கு முன் சுத்தமாகித் திரும்பாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

மெம்பர் அல்லாதவர் லேட் செக்-அவுட் கேட்டால் இன்றைக்கு 1 மணிக்கு மேல் தர வேண்டாம். காலை ஷிஃப்ட்டில் ஒருவர் சரி என்றும் இன்னொருவர் இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் கெட்டது. கவுன்ட்டருக்கு உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

4. மொத்தத்தை வகைவாரியாகப் பிரியுங்கள்

‘மூன்று தட்டுப்பாடு’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிரித்துப் பாருங்கள்.

டீலக்ஸ்: இருப்பது 89, தேவை 102. பதின்மூன்று குறை.
கிளப்: இருப்பது 36, தேவை 29. ஏழு மிச்சம்.
சூட்: இருப்பது 14, தேவை 11. மூன்று மிச்சம்.

இப்போதுதான் நாளின் உண்மையான உருவம் தெரிகிறது. குறைந்தது பத்து பேர் இன்றைக்கு மேல்வகைக்குப் போயே ஆக வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை, யாருக்கு என்பதுதான் பாக்கி. இது தெரியாமல் 11 மணிக்கு முதலில் வந்த ஏழு பேருக்கு கிளப் சாவியைக் கொடுத்துவிட்டால், இரவு வரும் மெம்பர்களுக்கு லிஃப்ட் பக்கத்து டீலக்ஸ்தான் மிஞ்சும்.

மேல் அறைகளைக் காசு கொடுத்து வாங்க யாராவது வருவார் என்று பூட்டி வைப்பதும் தப்பு. விற்பனை ஆசையில் இரவு 9 மணி வரை சூட்டைப் பிடித்து வைத்திருந்து, கடைசியில் அது காலியாகக் கிடக்க, டீலக்ஸ் கெஸ்ட்டை வெளியே அனுப்பிய கதையை நான் கூட இருந்தே பார்த்திருக்கிறேன். மதியம் 12 மணியோடு அந்த ஆசையை விடுங்கள்.

5. மெம்பர்களை வரிசைப்படுத்துங்கள்

அரைவல் லிஸ்டில் மெம்பர் எண் உள்ளவர்களைத் தனியே எடுத்து, தகுதிநிலை வாரியாக அடுக்குங்கள். மேரியட்டில் ஆண்டுக்கு 25 இரவு தங்கினால் கோல்டு, 50 பிளாட்டினம், 75 டைட்டானியம். 100 இரவோடு குறிப்பிட்ட தொகையும் செலவழித்தவர் அம்பாசடர். மற்ற குழுமங்களில் பெயர் வேறு, ஏற்பாடு கிட்டத்தட்ட இதேதான்.

இந்த இடத்தில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

புக்கிங் எந்த வழியாக வந்தது? பெரிய குழுமங்களின் விதிப்படி வெளி இணையதளங்கள் வழியே போட்ட புக்கிங்குக்கு அப்கிரேடு கேட்கும் உரிமை பொதுவாகக் கிடையாது. ஆனால் இன்றைக்கு நமக்கே ஆள் தேவை. நேரடியாகப் போட்டவர்களை முடித்துவிட்டு இவர்களிடம் வாருங்கள்.

எத்தனை இரவு? மேரியட் விதியில் அப்கிரேடு என்பது தங்கும் நாள் முழுவதற்கும் அறை இருந்தால்தான். அப்படி எழுதி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்று இரவுக்கு வந்தவரை இன்று சூட்டில் வைத்துவிட்டு, நாளைக்கு அது விற்றிருக்கிறது என்று கண்டுபிடித்து, மாட்டிய சட்டையெல்லாம் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லிக் கீழே இறக்கினால், அப்கிரேடே கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் பட்டிருக்காத கோபத்தைப் படுவார். அடுத்த மூன்று நாள் இருப்பை எடுக்கச் சொன்னது இதற்குத்தான். சூட்டுக்கு ஒரு இரவுக்காரர்தான் உத்தமம்.

என்ன கட்டில்? ஒரு கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேர் ட்வின் கேட்டிருந்தார்கள். எங்கள் பையன் ஒருவன் ஆசையாக அவர்களை கிங் பெட் உள்ள கிளப் அறைக்குத் தூக்கிவிட்டான். பத்து நிமிஷத்தில் இருவரும் பெட்டியோடு கீழே வந்து, “தம்பி, எங்களுக்குப் பழைய ரூமே போதும்” என்றார்கள். அதற்குள் அந்த ட்வினில் வேறு ஆள் ஏறிவிட்டார்.

வாடிக்கையாக ஒரே அறை கேட்பவரா? மாதம் இருமுறை வரும் பெரியவர் ஒருவர் எப்போதும் அதே மாடியில் அதே அறைதான் எடுப்பார். ஒரு தடவை அவரை சூட்டில் வைத்தோம். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, “அந்த ரூம்னா ராத்திரி லைட் போடாமலே பாத்ரூமுக்குப் போய்ட்டு வந்துடுவேன்பா. இங்க கதவு எங்கன்னு தேடிக்கிட்டிருந்தேன்” என்றார். ப்ரொஃபைல் குறிப்பைப் படிக்காமல் செய்த மரியாதைக்கு வந்த பதில் அது.

ஒரே தகுதிநிலையில் இருவர் இருந்தால், போன தடவை அப்கிரேடு கிடைக்காதவருக்கு முதலில் கொடுங்கள்.

6. மேலிருந்து கீழாக நகர்த்துங்கள்

கிளப் அறைக்குப் பணம் கட்டிய மெம்பர்களில் மூவரை சூட்டுக்கு ஏற்றுங்கள். கிளப்பில் மிச்சம் பத்தாகும். பிறகு டீலக்ஸில் புக் செய்தவர்களில் பத்துப் பேரை கிளப்புக்கு ஏற்றுங்கள். டீலக்ஸ் குறை பதின்மூன்றிலிருந்து மூன்றாகும்.

டீலக்ஸிலிருந்து நேரே சூட்டுக்குத் தூக்கினாலும் கணக்கு அதேதான் வரும், நகர்த்தலும் குறைவு. ஆனால் கிளப்புக்குக் கூடுதல் பணம் கட்டிய கோல்டு மெம்பர், தன்னோடு ஒரே காரில் வந்த சக ஊழியர் டீலக்ஸ் காசில் சூட்டில் இருப்பதைக் காலைச் சிற்றுண்டியில் தெரிந்துகொள்வார். டீலக்ஸில் புக் செய்தவர் டைட்டானியம், கிளப்பில் வருகிறவர்கள் யாரும் மெம்பரே இல்லை என்றால் மட்டும் நேரே தூக்கலாம்.

முடிவானதும் அறை எண்ணோடு பிளாக் செய்து, நகர்த்தக் கூடாது என்ற குறியைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர், சுத்தமாக இருக்கிறதே என்று அந்த அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்.

கிளப் கெஸ்ட்டுக்கான தனிக் கூடமான லவுஞ்ச் விஷயத்தையும் இப்போதே தீர்மானியுங்கள். கிளப் மாடிக்குப் போகிறவர்களுக்கு லவுஞ்ச் அனுமதி சேர்த்தா, அறை மட்டுமா? எது முடிவானாலும் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். லவுஞ்ச் வாசலில் கார்டு சிவப்பு விளக்கு காட்டும்போது தெரிய வந்தால் கொடுத்த நல்ல பெயரும் போய்விடும்.

7. சிஸ்டத்தில் மாற்றும்போது வரும் தப்பு

ஆப்பராவில் அறைவகைக்கு இரண்டு கட்டம் உண்டு. ஒன்று தங்கப் போகும் வகை, மற்றொன்று ஆர்.டி.சி., அதாவது எந்த வகைக்குக் காசு வாங்குகிறோம் என்பது. அப்கிரேடில் முதலாவதை மட்டும் மாற்ற வேண்டும். புதியவர்கள் இரண்டையும் மாற்றி, கட்டணத்தையும் மாற்றவா என்று சிஸ்டம் கேட்கும்போது ஆம் என்று தட்டிவிடுவார்கள். மறுநாள் காலை 6 மணிக்கு ஏர்போர்ட் போகிற அவசரத்தில் இருக்கிறவர் கையில் சூட் விலைக்கு பில் போகும்.

இலவச அப்கிரேடில் வரியும் மாறாது. அறைக்கு வாங்கும் தொகையை வைத்துத்தான் ஜி.எஸ்.டி. ஆனால் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அப்செல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 18 சதவீதம். 7,200 ரூபாய் அறைக்காரர் வரியோடு கட்டுவது 7,560. “ஆயிரம் ரூபாய்தான் சார் கூட” என்று கிளப் அறையை விற்றால், 8,200-க்கு வரி சேர்த்து 9,676 ஆகும். அவர் கையிலிருந்து போவது 2,116 கூடுதல். வரியோடு எவ்வளவு என்று சொல்லி விற்றால் செக்-அவுட்டில் சண்டை இருக்காது. அல்லது 7,500-க்குள் நிற்கிற மாதிரி 300 ரூபாய் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓவர்புக் ஆன நாளில் நமக்கு வேண்டியது காலியான டீலக்ஸ்தான்.

8. மாலை 4 மணி: யாரை வெளியே அனுப்புவது

இன்னும் மூன்று அறை குறை. கார்டு, முன்பணம், கம்பெனி உத்தரவாதம் எதுவும் இல்லாத புக்கிங்குகளைப் பொதுவாக மாலை 6 மணி வரைதான் பிடித்து வைப்போம். 4 மணிக்கே அவர்களுக்கு போன் போடுங்கள். இருவர் வரவில்லை என்று சொல்லக்கூடும். போனே செய்யாமல் 6 மணிக்கு அறையை விடுவிப்பது விதிப்படி சரிதான். ஆனால் 6:20-க்கு பாடி ஏரியா டிராஃபிக்கில் மாட்டி வந்து சேர்கிறவரிடம் விதியை வாசித்துக் காட்டுவது நடக்கிற காரியமில்லை.

மிஞ்சிய ஒருவரை வேறு ஹோட்டலுக்கு அனுப்பத்தான் வேண்டும். எங்கள் பேச்சில் இது ‘வாக் பண்ணுவது’. கடைசியாக வருபவரை அனுப்புவதுதான் நடைமுறையில் பெரும்பாலும் நடக்கிறது. அது தேர்வே இல்லை, தேர்வு செய்யாமல் விட்டதன் விளைவு. கடைசியாக வருபவர் நள்ளிரவு ஃப்ளைட்டில் குழந்தையோடு வருபவராக இருக்கலாம். எனவே பெயரை 5 மணிக்குள் முடிவு செய்யுங்கள்.

நான் தேடுவது: ஒரே இரவு, தனியாக வரும் ஆண், ஊர் தெரிந்தவர், மெம்பர் அல்லாதவர், மாலையிலேயே வந்துவிடக்கூடியவர், இதற்கு முன் நம்மால் ஒருமுறையும் வாக் ஆகாதவர். தொடக் கூடாதவர்கள்: வயதானவர்கள், தனியே வரும் பெண்கள், குழந்தையுள்ள குடும்பம், கல்யாண குரூப்பில் ஒருவர், முதல் முறை இந்தியா வரும் வெளிநாட்டவர், மேல்நிலை மெம்பர்கள்.

மேல்நிலை மெம்பர்களைத் தொடாததற்கு மரியாதை தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஹில்டன் டைமண்டுக்கும் மேரியட் டைட்டானியத்துக்கும் 48 மணி நேரம் முன்பு புக் செய்தால் அறை நிச்சயம் என்ற வாக்குறுதியே இருக்கிறது. மேரியட்டில் மெம்பர் எண் பதிந்த புக்கிங்கை மதிக்க முடியாமல் போனால், தகுதிநிலைக்கும் பிராண்டுக்கும் ஏற்ப ஈடு தரவும் வேண்டும். அந்தச் செலவு ஹோட்டல் தலையில்தான் விழும்.

9. அறையைப் பிடித்த பிறகே பேசுங்கள்

அருகில் சம தரமுள்ள அல்லது ஒரு படி மேலான ஹோட்டலில் 5 மணிக்கே அறை எடுங்கள். இதே முகூர்த்தம் அவர்களுக்கும்தான்; 9 மணிக்குக் கேட்டால் கிடைக்காது. அறை எண், அங்கே பேசிய டியூட்டி மேனேஜர் பெயர், பில்லை நம் ஹோட்டலே ஏற்கும் கடிதம், வண்டி, டிரைவர் எண் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். இங்கே முன்பணம் கட்டியிருந்தால் திருப்பும் ரசீதும் அதிலேயே. வெளிநாட்டவரைத்தான் அனுப்ப வேண்டிய நிலை என்றால், வெளிநாட்டவர் தங்குவதைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் அரசுக்குக் கொடுக்க வேண்டிய தகவலை (சி ஃபார்ம் என்று சொல்லிப் பழகியது) அவர் உண்மையில் தங்கும் ஹோட்டல்தான் பதிய வேண்டும். இங்கே செக்-இன் போட்டுவிட்டு அனுப்பாதீர்கள்.

பேச வேண்டியவர் டியூட்டி மேனேஜர். கவுன்ட்டரில் நிற்க வைத்து வேண்டாம். லாபி ஓரத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தானும் உட்கார்ந்து:

“சார், உங்க புக்கிங் சரியா இருக்கு, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நாங்கதான் அதிகமா எடுத்துட்டோம். பத்து நிமிஷ தூரத்துல உங்களுக்கு ரூம் ரெடியா இருக்கு, இன்னிக்கு நைட் பில் எங்களோடது. வண்டி வாசல்ல நிக்குது. நாளைக்குக் காலைல மீட்டிங்குக்கும் எங்க வண்டியே கூட்டிட்டுப் போகும்.”

பைப் உடைந்துவிட்டது, ஏ.சி. வேலை செய்யவில்லை என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம். அவர் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்தில் நான்கு பேர் சாவி வாங்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போவார்கள். திட்டினால் திட்டட்டும், நடுவில் குறுக்கிட வேண்டாம். அவர் மூச்சு வாங்கும்போது வீட்டுக்கு போன் செய்து இடம் மாறியதைச் சொல்ல விரும்புகிறாரா என்று கேளுங்கள்.

அவர் போனதும் டெலிபோன் ஆபரேட்டரிடம் பெயரையும் புதிய ஹோட்டல் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். “அப்படி யாரும் இங்க தங்கலீங்களே” என்ற பதிலை வீட்டிலிருந்து தேடுகிற மனைவி இரவு 11 மணிக்குக் கேட்கக் கூடாது.

10. நைட் ஆடிட்டுக்கு முன்

சென்னைக்கு வெளிநாட்டு ஃப்ளைட்டுகள் பல நள்ளிரவுக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே இறங்குகின்றன. 15-ஆம் தேதி அதிகாலை 2:30-க்கு இறங்குபவர், விவரம் தெரிந்தவராக இருந்தால் 14-ஆம் தேதியிலிருந்தே அறை எடுத்திருப்பார். நைட் ஷிஃப்ட் புதியவர் 1 மணிக்கு ஆடிட் (அன்றைய கணக்கை மூடிச் சிஸ்டத்தில் தேதியை மாற்றும் வேலை) ஓட்டும்போது ‘ஆள் வரவில்லை’ என்று நோ-ஷோ போட்டு, அந்த அறையை வாசலில் வந்தவருக்குக் கொடுத்துவிடுவார். 3:30-க்குத் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பவர் ஒரு இரவுக்கு முழுக் காசு கட்டிய மெம்பராக இருப்பார். அந்த நேரத்தில் வேறு ஹோட்டலில் அறை கேட்டு போன் எடுப்பார் யாரும் இல்லை.

அதனால் இரவு 11 மணிக்கு, இன்னும் வராதவர்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஃப்ளைட் எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இறங்கும் நேரத்தை போனில் பார்த்துப் பென்சிலால் எழுதி, ஆடிட்டுக்கு முன்பே சாவி தயார் செய்து வைத்துவிடுங்கள். உத்தரவாதம் உள்ள புக்கிங் என்றால், ஃப்ளைட் விவரம் இல்லாவிட்டாலும் விடியும் வரை அந்த அறையைத் தொட வேண்டாம்.

11. மறுநாள் காலை

வாக் ஆனவர் ஒரு இரவோடு போகிறவர் என்றால், அவர் செக்-அவுட் செய்யும் முன் டியூட்டி மேனேஜர் அங்கே போன் போட வேண்டும். இன்னும் தங்குகிறவர் என்றால் 10 மணிக்குள் அவருக்கு ஒரு கிளப் அறையைப் பிளாக் செய்து, வண்டி அனுப்பி, அவர் பெட்டி வரும்போதே சாவியும் தயாராக இருக்க வேண்டும். கவுன்ட்டரில் மறுபடி அவரை ஐ.டி. கேட்டு நிறுத்தக் கூடாது.

அவருடைய ப்ரொஃபைலில் தேதியோடு ஒரு வரி: ‘வாக் ஆனவர், மறுபடி அனுப்பக் கூடாது’. அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் அறை கேட்கும்போது ரிசர்வேஷனில் வேறு பையன் உட்கார்ந்திருப்பான், இந்த இரவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.